கத்தரிப்பூச் சுவர்

எங்கள் முன்னறைச் சுவருக்கு அம்மா கத்தரிப்பூ நிறம் பூசியது 1988ஆம் ஆண்டு. மாசி மாதம் என்பார் அம்மா. பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிய மணமும் ஈரச் சுண்ணாம்பின் மணமும் ஒன்றாக எனக்கு நினைவிருப்பதால், பங்குனி என்றே என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. வீடு சுன்னாகம் சந்தையிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம்.

அண்ணை உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர். தாளில் எழுதி ஒட்டினால் காற்றுக்குக் கிழிகிறது என்று, தன் படிப்பு நேரசூசியை நேரே முன்னறைச் சுவரில் எழுதியிருந்தார். அதுவும் என் மெழுகுப் பேஸ்டல் பெட்டியின் ஊதாக் கட்டியால். கட்டி பாதியாகத் தேய்ந்ததற்காக இரண்டு நாள் அவரோடு நான் கதைக்கவில்லை. தை மாதம் அவரைக் கொழும்புக்குச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊரில் இந்தியப் படையினர் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்த காலம். பதினெட்டு வயதுப் பையன் உள்ள வீட்டில் பையனைக் காணவில்லையென்றால், கொழும்பில் இருக்கிறான் என்பதை யாரும் நம்பமாட்டார்கள், இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று அப்பாவைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அம்மா பயந்தார். அண்ணையின் சேட்டுகள், புத்தகங்கள், சைக்கிள் எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போயின.

"ஆரும் கேட்டால் எங்களுக்கு நீ ஒருத்திதான். விளங்கிச்சோ?" என்றார் அம்மா.

"ஓம்" என்றேன். ஒற்றைப் பிள்ளை என்ற பதவி எனக்குப் பிடித்தே இருந்தது.

சுவர்தான் மிஞ்சியது. அம்மா வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார். மெழுகின்மேல் சுண்ணாம்பு பிடிக்கவில்லை. காய்ந்ததும் ஊதா எழுத்துகள் எட்டிப் பார்த்தன. சுரண்டிப் பார்த்தார், சுரண்டலே எழுத்தாகத் தெரிந்தது. மறுபடி அடித்தார், மறுபடி தெரிந்தன. மூன்றாம் நாள், எழுத்தை மறைக்க முடியாவிட்டால் சுவரையே எழுத்தின் நிறத்துக்குக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தார்.

வாளிச் சுண்ணாம்பில் உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்தார். அது வானநீலமாக நின்றது. நிலத்துக்குப் போட்டு மிஞ்சிய சிவப்புச் சீமெந்துத் தூளைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஓட்டுத் துண்டில் பூசி வெயிலில் காயவைத்துப் பார்த்தார். வாளியில் கடும் ஊதாவாக இருந்தது, காய்ந்ததும் சாம்பல் படிந்த கத்தரிப்பூவாக அடங்கியது. எழுத்துகள் அதற்குள் காணாமற்போயின. அவ்வளவு அமைதியான நிறம் அந்த வீட்டில் முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

மறுநாள் காலை அவர்கள் வந்தார்கள். அப்பாவை முற்றத்தில் குந்தியிருக்கச் சொன்னார்கள். உள்ளே வந்த சிப்பாய் தமிழ் பேசினார், வானொலியில் கேட்கிற, கடலுக்கு அக்கரைத் தமிழ்.

"புதுசா அடிச்சிருக்கீங்க. என்னம்மா, வீட்ல விசேஷமா?"

"விசேஷம் ஒண்டுமில்லைத் தம்பி. சுவர் ஊத்தையாக் கிடந்தது."

"எத்தனை பசங்க?"

"இவள் ஒருத்திதான்."

அவர் சுவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல கலர்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இது வடிவில்லை. காய்ஞ்சு நரைச்சுப் போச்சு. ஈரத்திலைதான் வடிவு, பாருங்கோ" என்று மேசையில் இருந்த செம்புத் தண்ணீரைக் கையால் அள்ளிச் சுவரில் பூசினேன்.

நனைந்த இடம் கருஊதாவாக மாறியது. மெழுகில் மட்டும் தண்ணீர் ஒட்டவில்லை. வெளிறிய எழுத்துகள் வரிசையாக எழும்பின.

"காலை நாலு மணி, பௌதிகம்" என்று அவர் மெல்ல வாசித்தார். "யாரு படிக்கிறது?"

ஒற்றைப் பிள்ளையல்லவா! "நான்தான்" என்றேன்.

"எத்தனாவது படிக்கிறே?"

"நாலாம் வகுப்பு."

அம்மாவின் கை என் பின்னலை இறுகப் பிடித்தது. அந்த நேரம் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அவர்களின் அதிகாரி ஏறி வந்துகொண்டிருந்தார். சிப்பாய் சட்டென்று திரும்பி, நனைந்த இடத்தில் முதுகு முழுவதும் படச் சாய்ந்து நின்றார். அதிகாரி கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார், சுவர்களைப் பார்த்தார், வேற்றுமொழியில் ஏதோ கேட்டார். சிப்பாய் என்னைக் காட்டி ஒரு விரலை நிமிர்த்தினார்.

அவர்கள் படலையைத் தாண்டும்போது, அந்தப் பச்சைச் சட்டையின் முதுகில் அம்மாவின் கத்தரிப்பூ நிறம் அப்பியிருந்தது. அப்பா உள்ளே வந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பூசி ஒரு நாள்கூட முழுதாக ஆகாத சுவர்; நடுவில் திட்டாக உரிந்து கிடந்தது. "ஈரச் சுண்ணாம்பிலை சாயக்கூடாதெண்டு அவ்வளவு பெரிய மனிசனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லையோ அம்மா?" என்று கேட்டேன்.