ஜெயக்கொடியின் திங்கட்கிழமைச் சொட்டு

குரோம்பேட்டையில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருடமாக ஊசி பிடிக்கும் ஜெயக்கொடி மனிதர்களை நம்பமாட்டாள், மெஷினை நம்புவாள். ரிப்போர்ட்டைப் பார்த்து அதிர்ந்து, "மெஷின் தப்பா இருக்கும்மா" என்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். "மெஷின் பிரியாணி துன்றதில்ல சார்."

ஆனால் அந்த மெஷினைச் சோதிக்க அவள் நம்பியது ஒரு மனுஷியை, தன்னை. திங்கட்கிழமை கூடம் திறந்ததும் விரலைக் குத்தி, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் மெஷினில் ஒரு சொட்டு விடுவாள். ஐந்து புள்ளி மூன்று வந்தால் மெஷின் நலம். நாற்பத்தைந்து கிலோ உடம்பு, அனகாபுத்தூரிலிருந்து தினமும் சைக்கிள். சர்க்கரை நோயில் அம்மாவுக்கு இரண்டு கால்விரல்கள் போன நாளிலிருந்து டீயிலும் சர்க்கரை கிடையாது. இதைவிட நல்ல அளவுகோல் கம்பெனிக்காரனிடம்கூட இல்லை என்பது அவள் கட்சி.

இந்த வருடம் மெஷின் 'கெட' ஆரம்பித்தது. பொங்கலுக்கு 5.5. சித்திரையில் 5.8. பழுது நோட்டில் இரண்டையும் எழுதி வைத்தாள். ஆடி பிறந்த திங்களன்று 6.1. பதினோரு பேருடைய ரிப்போர்ட்டை நிறுத்திவிட்டு, கம்பெனி இன்ஜினியர் மெர்வினைக் கூப்பிட்டாள்.

மெர்வின் தொப்பையோடும், வழியில் தின்ற வடையின் வாசனையோடும் வந்தான். கம்பெனி கொடுக்கும் சோதனைத் திரவத்தை விட்டுப் பார்த்தான். "மெஷின் பக்காவா இருக்குக்கா."

"இன்னா பக்கா? ஏறிக்கினே போவுது! உன் ரத்தத்த வுடு, பாக்கலாம்."

விட்டான். 5.2.

மெர்வின் அவள் விரல் நுனியில் இருந்த பஞ்சைப் பார்த்தான்.

"யார் ரத்தத்த வெச்சுக்கா செக் பண்றீங்க?"

ஜெயக்கொடி விரலை மடக்கிக்கொண்டாள்.

"வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?"

அவள் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் ஜெயக்கொடி மெல்ல உட்கார்ந்தாள்.

"மெஷின்தான் தப்புப்பா."

"மெஷின் பிரியாணி துன்றதில்லன்னு நீங்கதானேக்கா சொல்வீங்க?"

"நானும் துன்றதில்லையேடா!"

மெர்வினுக்குச் சிரிப்பு வரவில்லை. "சுகர் இன்னும் வரலக்கா. வரப்போறேன்னு சொல்லுது, அவ்ளோதான். இப்பவே டாக்டரப் பாத்தா தள்ளிப் போடலாம்."

சித்திரையின் 5.8-லேயே மெஷின் அதைச் சொல்லிவிட்டது. அதைத்தான் அவள் பழுது நோட்டில் எழுதியிருந்தாள்.

அன்று மாலை பன்னிரண்டு ரிப்போர்ட் வெளியே வந்தன. கடைசி ரிப்போர்ட்டின் அடியில், மற்றவர்களுக்கு எழுதும் அதே குண்டு எழுத்தில், 'மருத்துவரை உடனே பார்க்கவும்' என்று எழுதி, பெயர் கட்டத்தில் தன் பெயரை நிரப்பினாள்.