ஏழு கரும்புள்ளிகள்

அந்தக் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டியபோது, ஒரு நல்ல காரியம் செய்ததாகத்தான் அல்போன்ஸ் நினைத்தார். நாலு விரலில் இறுக்கிச் சுற்றி, நடுவில் ஒரு முடிச்சு. தூண்டில் நரம்பை அவர் அப்படித்தான் சுருட்டுவார். அவர் குடியிருந்த வண்டூர்க் கரையில் எல்லாருமே அப்படித்தான்.

அல்போன்ஸ் 1961இல் தூத்துக்குடிப் பக்கமிருந்து அந்தமானுக்குச் சிப்பி குளிக்க வந்தவர். ஆழத்தில் ஒரு நாள் காது கிழிந்து ரத்தம் வந்தது. அதோடு கடலை விட்டு, ஃபீனிக்ஸ் பே துறையில் இருந்த அரசுப் படகு எஞ்சின் பட்டறைக்கு ஃபிட்டராக வந்தார். 1978 மே மாதத்தில் அவருக்கு வயது நாற்பது. இன்னும் தினக்கூலிதான். பெர்மனெண்ட் ஆர்டர் இந்த மாதம் கையெழுத்தாகும் என்று மனைவி செலின் தெருவெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

குழாய் கல்கத்தாவிலிருந்து வந்த எஞ்சினியர் கிருஷ்ணமூர்த்தியுடையது. எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே பார்க்கும் கருவி. குழாயைச் சுருட்டிய அன்று சாயங்காலம் அவர் நல்ல மனநிலையில் இருந்தார். குழாய்க்குள் முடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்றார். ஒரு கட்டு வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோகும். அதில் இழைகள் எப்படிக் கலந்து கிடந்தாலும் பாதகமில்லை. இன்னொரு கட்டு படத்தை வெளியே கொண்டுவரும். அதில் ஓர் இழை இந்த முனையில் எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த முனையிலும் அதே இடத்தில் நிற்க வேண்டும். ஓர் இழைக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் படம்.

"வளைஞ்ச குழாயில வெளிச்சம் எப்படி சார் போவும்? முட்டிக்கிட்டு நின்னுராதா?"

"கண்ணாடிச் சுவர்ல ரொம்பச் சாய்வா பட்டா வெளிச்சம் வெளியே போகாதுய்யா. திரும்பி உள்ளேயே விழும். இப்படியே முட்டி முட்டிக் கடைசிவரைக்கும் போயிடும்."

அல்போன்ஸ் சிரித்துவிட்டார். "இதை நான் பாத்திருக்கேன் சார். முங்கிக் கெடக்கும்போது நேரா மேல பாத்தா வானம் தெரியும். சாய்ச்சுப் பாத்தா வானம் தெரியாது, அடியில கெடக்க மண்ணுதான் மேல தெரியும்."

"அதேதான்! ஒவ்வொரு இழைக்கும் வேற கண்ணாடியில ஒரு தோல் உண்டு. அதனாலதான் பக்கத்து இழைக்கு வெளிச்சம் தாவாது." கண்வைத்துப் பார்க்கும் முனையை நீட்டினார். "இதோ ரெண்டு கரும்புள்ளி தெரியுதா? ரெண்டு இழை உடைஞ்சிருக்கு." அதற்குள் ஆபீஸிலிருந்து ஆள் வந்து கூப்பிட, "எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எப்படி வைப்பது என்று சொல்லவில்லை. அல்போன்ஸும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு துறையில் கட்டியிருந்த, ஹட் பே தீவுக்குப் போகும் படகில் எஞ்சின் வேலை முடிந்தது. அங்கே ஒரு குடியிருப்பில் வாந்திபேதி. நர்ஸ் சந்திரமதி குளுக்கோஸ் பெட்டிகளோடு படகுத்துறையில் காத்திருந்தார். மத்தியானம் கிளம்பினால்தான் உண்டு. புயல் கொடி ஏறிவிட்டால் அப்புறம் நாலு நாளைக்குப் படகு கிடையாது.

அப்போதுதான் ஃபோர்மேன் ஜம்புலிங்கம் தட்டில் கிடந்த நட், போல்ட்டுகளை எண்ணினார். ஒரு நட் குறைந்தது.

"யோவ் அல்போன்ஸ், எங்கய்யா அது?"

தரையைத் தடவினார்கள். பலகைகளைத் தூக்கினார்கள். கிடைக்கவில்லை. எண்ணெய் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றியிருந்தபோது அந்த ஓட்டை வழியாகச் சிலிண்டருக்குள் விழுந்திருந்தால், எஞ்சின் ஓடிய சில நிமிடத்தில் பிஸ்டன் உடையும். நடுக்கடலில் உடைந்தால் கேட்க வேண்டாம்.

கிருஷ்ணமூர்த்தி குழாயை ஓட்டைக்குள் இறக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"வெளிச்சமே மங்கலா இருக்கு. நேத்து ரெண்டு புள்ளி. இன்னிக்கு ஏழு. ஒரே ராத்திரியில இழை தானா உடையாது, உள்ளே இரும்புத் துண்டுங்க கிடக்கு. சிலிண்டரை மேல மூடியிருக்கிற ஹெட்டைக் கழட்டுங்க."

"கழட்டி மாட்ட ரெண்டு நாள் ஆகும் சார்."

எஞ்சின் அறை வாசலுக்கு வந்து நின்ற சந்திரமதி, "நேத்தே அங்க ரெண்டு பேர் இறந்துட்டாங்க" என்றார். சத்தம் போடவில்லை.

அல்போன்ஸின் நினைவு பட்டறை ஆணிக்குப் போனது. குழாயைக் காலையில் ஜம்புலிங்கம்தான் முடிச்சு அவிழ்த்து எடுத்துக் கொடுத்தார். அது யார் போட்ட முடிச்சு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. முடி போன்ற கண்ணாடி, நாலு விரல் சுற்றில் என்ன ஆகியிருக்கும்?

"சார், புதுசா வந்த அஞ்சு புள்ளியும் எஞ்சின்ல இல்லாம இருக்கலாம். நேத்து குழாயை நரம்பு மாதிரி சுருட்டி முடிச்சுப் போட்டேன். நாந்தான்."

கிருஷ்ணமூர்த்தி குழாயை வெளியே இழுத்தார். பிறகு வெடித்தார். "அறிவிருக்காய்யா உனக்கு? இது என்ன விலை தெரியுமா? லேசா வளைச்சா ஒண்ணும் ஆகாது. இறுக்கி வளைச்சா வளைவுலயே வெளிச்சம் ஒழுகிடும், இன்னும் இறுக்கினா இழை உடையும். வெளிச்சக் கட்டு உடைஞ்சு மங்கலாச்சு, படக் கட்டு உடைஞ்சு புள்ளியாச்சு!" துணியால் கையைத் துடைத்தார். "அப்போ உள்ளே ஒண்ணும் இல்ல. எல்லாம் உடைஞ்ச இழை. ஸ்டார்ட் பண்ணுங்க."

ஜம்புலிங்கம் நிம்மதியாக மூச்சு விட்டார். அல்போன்ஸ் தட்டைப் பார்த்தார். நட் இன்னும் கிடைக்கவில்லையே. தான் உண்மையைச் சொன்னதே படகைக் கவிழ்த்துவிடுமோ?

"ருக்கோ சார், பொறுங்க! ஒரே ஒரு நிமிஷம். நான் பாக்கட்டா?"

"நீ பாத்து?"

"முங்கும்போது முகத்துல கண்ணாடி போடுவோம்லா? அதுல கீறல் இருந்தா, தலையை எங்க திருப்புனாலும் கூடவே வரும். மீனு அப்படி வராது. குழாய்ல உள்ள புள்ளி நின்ன எடத்துல நிக்கும். எஞ்சின்ல உள்ளது நகரும்."

கிருஷ்ணமூர்த்தி குழாயை நீட்டினார்.

அல்போன்ஸ் முனைக் கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்தார். எஞ்சின் அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். குழாயை வளைவில்லாமல் ஜம்புலிங்கம் தூக்கிப் பிடிக்க, நுனியை மெல்ல ஆட்டினார். ஆறு புள்ளிகள் அசையவில்லை. ஏழாவது புள்ளி ஓரத்துக்கு நழுவியது. திருப்பி ஆட்டினார். திரும்பி வந்தது.

"கெடக்கு சார். இடப்பக்கம், பிஸ்டன் ஓரத்துல."

கிருஷ்ணமூர்த்தி தானும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இருக்கு" என்றார்.

ஹெட்டைக் கழற்றவில்லை. வளைத்த கம்பி நுனியில் கிரீஸை அப்பி அதே ஓட்டை வழியாக விட்டார்கள். முதல் தடவை வெறும் கம்பி வந்தது. இரண்டாவது தடவை பாதி வழியில் விழுந்து 'டிங்' என்றது. மேல்தளத்தில் படகுக்காரன் ஹார்னை அடித்துக்கொண்டே இருந்தான். ஐந்தாவது தடவை கிரீஸ் உருண்டையில் நட் ஒட்டிக்கொண்டு வந்தது. குழாயை மறுபடி விட்டு ஆட்டிப் பார்த்தார்கள். நகரும் புள்ளி இல்லை.

ஒன்றரை மணிக்குப் படகு கிளம்பியது. பெட்டி மேல் உட்கார்ந்திருந்த சந்திரமதி கையை ஒரு தரம் உயர்த்தினார்.

கிருஷ்ணமூர்த்தி வெள்ளைத் தாளை மேசையில் வைத்தார். "நடந்ததை எழுதிக் கொடுத்துடுய்யா. கல்கத்தாவுக்கு நான் பதில் சொல்லணும்."

அல்போன்ஸ் எழுதினார். அந்தத் தாளால் பெர்மனெண்ட் ஆர்டர் இரண்டு வருடம் தள்ளிப்போனது. செலின் அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை. பேசியபோது, "முடிச்சுப் போட்டது நீயின்னு சொல்லாட்டி செத்தா போயிருப்ப?" என்றாள்.

"நான் இல்ல. ஹட் பேயில கெடந்தவங்க" என்றார் அல்போன்ஸ்.

கிருஷ்ணமூர்த்தி ஊருக்குக் கிளம்பிய அன்று, குழாயைப் பெட்டிக்குள் வைக்க ஜம்புலிங்கம் கை நீட்டினார். எஞ்சினியர் தடுத்தார்.

"அவர் வைக்கட்டும். இப்போ இந்தப் பட்டறையிலேயே அவருக்குத்தான் அது தெரியும்."

அல்போன்ஸ் அதைப் பெரிய வட்டமாக விட்டு, பெட்டிக்குள் படுக்க வைத்தார். முடிச்சுப் போடவில்லை.