பாதையில் உட்கார்ந்த பரமேஸ்வரி

போன சனிக்கிழமை என் பெயர் ஒரு புகார்ப் படிவத்தில் ஏறியது. ஏறியது என்ன... நானே கேட்டு எழுத வைத்தேன்.

நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். அறிவிப்புப் பலகையைக் கண்டால் அடங்கிப்போகிற ஆள். புல்லை மிதிக்காதே என்றால் மிதிக்க மாட்டேன். வரிசையில் நில் என்றால், முன்னால் ஒருவருமே இல்லாவிட்டாலும் கோட்டுக்குப் பின்னால் நிற்பேன். அப்படிப்பட்டவளுக்கு என்ன வந்தது?

பிரிஞ்சாங் ஊருக்கு மேலே, இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் காட்டை இப்போது பூங்காவாக ஆக்கியிருக்கிறார்கள். மலை சைக்கிளுக்குச் சில பாதைகள், நடக்கிறவர்களுக்குச் சில பாதைகள். டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்கிறார். கணவரோ கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோசுக்குப் பேரம் பேசுவதே தனக்குப் போதுமான உடற்பயிற்சி என்று சொல்லிவிட்டார். தனியாக நுழைந்தேன்.

நல்ல இடம். பாசி படர்ந்த மரங்கள், காலடியில் மெத்தென்ற ஈரமண், முகத்தில் வந்து ஒட்டும் பனி. அரை மணி நேரம் நடந்திருப்பேன். என் பாதையும் சைக்கிள் பாதையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கூட்டமாக இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் நான்கு சைக்கிள்காரர்கள். பூங்காச் சட்டை போட்ட ஒருவர். அவர்களுக்கு நடுவில், பாதையின் மேலேயே, சம்மணம் போட்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார்.

என் வயதுதான் இருக்கும். ஸ்வெட்டர், ரப்பர் பூட்ஸ், மடியில் டிபன் கேரியர். மயக்கம் வந்துவிட்டதோ என்று பயந்துபோனேன்.

"என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒன்னும் இல்ல. போவ விட மாட்டேங்கிறாங்க. அதான் உக்காந்துட்டேன்."

அவர் பெயர் பரமேஸ்வரி. தேயிலை பேக்டரியில் பாக்கெட் போடும் வேலை. காட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அவருடைய தங்கை லெட்சுமி தனியாக இருக்கிறார். கொழுந்து எடுக்கும்போது சரிவில் வழுக்கி விழுந்து, லெட்சுமிக்குக் காலில் எலும்பு முறிவு. பரமேஸ்வரிக்கு சனிக்கிழமை விடுமுறை. அன்றைக்குப் போய்த் தங்கையைக் குளிப்பாட்டி, துணி துவைத்து, சமைத்து வைத்துவிட்டு வருகிறார். காட்டு வழியாகப் போனால் முக்கால் மணி நேரம். சாலை வழியாகப் போனால் பிரிஞ்சாங்குக்கு இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, மறுபடி மேலே நடந்து... பாதி நாள் போய்விடும்.

அந்தப் பாதையைத்தான் சைக்கிளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மரத்தில் புதிதாக ஒரு பலகை. நடப்பவர்களுக்கு அனுமதியில்லை.

பூங்காச் சட்டைக்காரர் பெயர் தினேஷ். மேற்பார்வையாளர். கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"அக்கா, இது டவுன்ஹில் டிரெயில். மேலேருந்து வேகமா வருவாங்க. சட்டுனு பிரேக் புடிக்க முடியாது."

"பிரேக் புடிக்க முடியாத வண்டிய நான் நடக்குற பாதையில ஏன்லா விட்டீங்க?"

தினேஷ் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் பரமேஸ்வரி ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிக் காட்டினார். முழங்கையிலிருந்து தோள் பக்கம் வரை, காய்ந்து கறுத்த சிராய்ப்பு. மூன்று வாரத்துக்கு முன்னால் திருப்பத்தில் ஒரு சைக்கிள் அவரை இடித்துத் தள்ளியிருக்கிறது. ஓட்டியவருக்கு முட்டியில் கீறல். அவருக்கு மருந்து போட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். இவர் மண்ணைத் தட்டிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் பலகை வந்துவிட்டது.

அதாவது, இடி வாங்கியவருக்குத் தடை. இடித்தவருக்குப் பாதை.

இந்த இடத்தில்தான் எனக்குள் என்னவோ ஆனது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. பழக்கம் அப்படி.

"எழுந்திருங்கக்கா," என்றார் தினேஷ். "உள்ள விட்டேன்னா என் வேல போயிடும்."

பரமேஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒன் வேல போவக் கூடாது தம்பி. ரிப்போட்டு எழுதுவீங்கல்ல? எடு. நீ தடுத்தேன்னு எழுது. நான் கேக்கலன்னும் எழுது."

தினேஷ் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

"பேர முழுசா எழுது. பரமேஸ்வரி. போன வாட்டி மாதிரி உள்ளூர்ப் பொம்பளன்னு எழுதாத. ஆபீஸ்ல அந்தப் பேப்பர நான் பாத்தேன். மோதுனவன் பேரு இருக்கு, அவன் சைக்கிள் பேரு கூட இருக்கு. என் பேரு இல்ல."

  தினேஷ் எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக.

"என் பேரையும் எழுதிக்குங்க. நானும் இவங்களோட போறேன்."

சொன்னது நான்தான். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.  

சைக்கிள்காரர்களில் ஒருவர், பணம் கட்டி வந்திருக்கிறோம் என்று முணுமுணுத்தார். அவர்களோடு வந்திருந்த ஒரு சீனப் பெண் அவரைப் பேசவிடவில்லை. முதலில் சைக்கிளை ஓரமாகச் சாய்த்து வைத்தாள். பிறகு மலாயில் தினேஷிடம், தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். கீழே வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறேன், பின்னால் நான் வந்தால் மேலேயிருந்து வருகிறவர்கள் கவனிப்பார்கள் என்றாள்.

தினேஷ் மூன்று பெயர்களையும் பார்த்தார். பிறகு வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். "டிரெயில்ல ஆள் நடக்குறாங்க. நான் சொல்ற வரைக்கும் மேலேருந்து யாரையும் விடாதீங்க." எங்களைப் பார்த்து, "சீக்கிரம் போங்கக்கா," என்றார்.

"சீக்கிரம்லாம் முடியாது. குழம்பு சிந்தும்," என்றார் பரமேஸ்வரி, எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டே.

நடந்தோம். வளைவுகளில் செம்மண்ணைச் சுவர்போலக் குவித்திருந்தார்கள். ஓரிடத்தில் சைக்கிள்கள் தாவுவதற்குப் பலகை மேடை. அதைச் சுற்றிக்கொண்டு இறங்கும்போது நான் சறுக்கினேன். பரமேஸ்வரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சிராய்ப்பு ஆறாத அந்தக் கையால்தான்.

மரங்கள் முடிந்ததும் தேயிலைச் சரிவு பளீரென்று திறந்தது. கீழே லயத்து வாசலில், ஊன்றுகோலோடு லெட்சுமி.

"ஏன் இவ்ளோ நேரம்? பசிக்குதுலா."

"பேரு எழுத நேரமாயிடுச்சு," என்றார் அக்கா. அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. நேராக உள்ளே போய் வெந்நீர் வைத்தார்.

கருவாட்டுக் குழம்பு. நானும் சாப்பிட்டேன். சீனப் பெண் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பரமேஸ்வரி எனக்கு போன் செய்தார். பூங்கா அலுவலகத்தில் கூப்பிட்டுப் பேசினார்களாம். சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் மட்டும், அவர் ஒருவர் மட்டும் நடந்துகொள்ளலாம் என்று சலுகை.

"வேணாம்னுட்டேன். மத்தவங்க எப்படிப் போவாங்க? எல்லாருக்கும்னா பேசுங்க, இல்லாட்டி எழுதிக்கிட்டே இருங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"யோசிக்கிறாங்களாம். யோசிக்கட்டும். நாங்க நடக்கிறோம். இந்த வாரம் எங்க லயத்துலேருந்து ஒம்போது பேரு."

பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. என்ன முடிவாகும்? தெரியாது. ஆனால் வருகிற சனிக்கிழமை ஒன்பது பேரல்ல, பத்துப் பேர். முட்டிக்குப் பட்டை வாங்கிவிட்டேன்.

"உனக்கு ஏன் இந்த வம்பு?" என்று என் கணவர் கேட்கிறார்.

தங்கைக்குச் சோறு கொண்டுபோவதற்குப் பெயர் வம்பு என்றால், இத்தனை வயதுக்குப் பிறகு நான் கொஞ்சம் வம்புக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.