மிளகாய் இடித்த ஜப்பான் குண்டு

மலாயாவில் கம்யூனிஸ்டு கெரில்லாக்களை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில் எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். கோலா சிலாங்கூருக்கு வடக்கே, ஆற்றை ஒட்டிய ரப்பர் தோட்டம் அது. நான் அங்கே தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வேலிக்கால் நடக் குழி வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து ஓடுகள் கிளம்பின. நீலப் பூங்கொடி தீட்டிய பீங்கான் துண்டுகள், கழுத்து உடைந்த மண் ஜாடி, கொஞ்சம் பாசிமணிகள். தூக்கி வீசப் போனவர்களிடம் கேட்டு வாங்கி பிஸ்கட் டின்னில் சேர்த்தேன். மூன்று டின் நிறைந்ததும், பள்ளியில் ஒரு கண்காட்சி வைத்தால் என்ன என்று ஆசை வந்தது.

மேனேஜர் சம்மதித்தார். வெறும் ஓடுகளைப் பார்க்க யார் வருவார்கள்? அதனால் ஜப்பான் ஆண்ட காலத்துச் சாமான் இருந்தால் இரவல் தாருங்கள் என்று தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகச் சொல்லி வைத்தேன். மறுநாளே மேசை போதவில்லை. மரவள்ளிக்கிழங்கு துருவிய தகரம், கோணிச்சாக்கில் தைத்த பாவாடை, ஜப்பானியப் பாடப்புத்தகம் என்று வந்து குவிந்தன. ஜப்பான்காரர்கள் ஆட்களைப் பிடித்துப்போய்ப் போட்ட சயாம் ரயில் பாதையிலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவர் தன் தகரக் குவளையைக் கொடுத்தார். அவருடைய அண்ணன் திரும்பவில்லை. அந்தக் குவளையை மட்டும் வெள்ளைத்துணி விரித்துத் தனியாக வைத்தேன்.

ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஓர் அக்கா முந்தானையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். முழங்கை நீளம், மொட்டை முனை, தேய்ந்து பளபளத்த இரும்பு.

“ஜப்பான்காரன் காட்டுல விட்டுட்டுப் போனது டீச்சர். மொளகா இடிக்க எனக்கு இத விட்டா வேற கெடையாது. ஞாயித்துக்கெழம திருப்பிக் குடுத்துரணும்லா.”

“குண்டு மாதிரி இருக்கேக்கா?”

“இத்தன வருசமா இடிக்கிறேன். வெடிக்கிறதா இருந்தா எப்பவோ வெடிச்சிருக்கும்.”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ‘உலக்கையான ஜப்பானியக் குண்டு’ என்று அட்டையில் எழுதி வைத்தேன்.

கண்காட்சியன்று நல்ல கூட்டம். மலாய்க்கார போலீஸ் சார்ஜன் ஒருவரும் வந்தார். பீங்கான் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தவர், குண்டின் முன்னால் நின்றுவிட்டார்.

“கெலுவார்! செமுவா கெலுவார்!”

எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினார். திடலுக்கு ஓடினோம். யார் கொண்டுவந்தது என்று மலாயில் கேட்டார். தோட்டா ஒன்று கையில் அகப்பட்டாலே தூக்கு என்று பயந்து கிடந்த காலம். ஆனால் அட்டையில் இருந்தது என் கையெழுத்து.

“நான்தான் வாங்கி வைத்தேன், துவான்” என்றேன்.

“டீச்சர் எதுக்குப் பழிய ஏத்துக்கிறாங்க? அது என்னோடது!” என்றார் அக்கா. யாரும் தடுப்பதற்குள் உள்ளே போய்க் குண்டோடு வெளியே வந்தார். “இது செத்த குண்டு, பாருங்க!” என்று பள்ளிப் படியில் ஓங்கி மூன்று குத்து குத்தினார்.

முதல் குத்துக்கே திடல் முழுவதும் தரையில் படுத்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் சார்ஜன் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார். ஒன்றும் ஆகவில்லை. தலையைத் தூக்கினால், குண்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அக்கா எங்களை விசித்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜன் எழுந்து மண்ணைத் தட்டினார். திட்டத்தான் வாய் திறந்தார், சிரிப்புதான் வந்தது. அப்புறம் திடலே சிரித்தது.

லோரி ஒன்று வந்து மணல் மூட்டைகளுக்கு நடுவே குண்டை ஏற்றிக்கொண்டு போனது. உள்ளே மருந்து இல்லை, பயிற்சிக் குண்டு என்று மாலையே செய்தி வந்தது. யார்மேலும் வழக்கு இல்லை. குண்டுதான் திரும்பி வரவில்லை. “இனி எதுல இடிப்பேன்?” என்று அக்கா புலம்பியதும், தோட்டத்து ஆசாரி அவருக்கு ஒரு மர உலக்கை செய்து கொடுத்தார்.

மறுநாளும் கண்காட்சி தொடர்ந்தது. சார்ஜன் சீருடை இல்லாமல் மனைவியோடு வந்தார். மாமியார் ஊரான மலாய்க் கம்பத்தில் கிணறு தோண்டும்போது கிடைத்த கிண்ணம் ஒன்றைத் துணியில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். அதே நீலக்கொடி, ஆனால் கீறல்கூட இல்லை. எங்கள் துண்டுகளின் பக்கத்தில் அதை வைத்ததும், “அட, இதுதானா அது!” என்று கூட்டம் நெருங்கியது.

அந்த நேரத்தில் தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஜப்பானியப் புத்தகத்தைப் புரட்டி, விளையாட்டாக “இச்சி, நி, சான், சி!” என்று குரல் கொடுத்தார். ஜப்பான் காலத்தில் தினமும் காலையில் எங்களை நிற்கவைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இப்படி எண்ணி வாங்கிய, கை தூக்கிக் குதிக்கும் உடற்பயிற்சி! பெரியவர்களின் கைகள் தாமாக மேலே போயின. சார்ஜனின் கைகளும்தான். புடவையோடு குதிக்க முடியாமல் நான் பாதியில் நின்றுவிட்டேன். சார்ஜனின் மனைவி சாரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு எண்ணிக்கைகூடத் தப்பாமல் கடைசிவரை குதித்தார்.