குமுதா வீட்டு ஏசி

எங்கள் பாரிவாக்கம் குடியிருப்பில் ஐந்து வீடுகளில் வேலை செய்யும் குமுதா, நேற்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தன் வீட்டுப் புது ஏசியைப் போட்டிருந்தாள். சந்தனம், குங்குமப் பொட்டோடு.

உடனே குடியிருப்புக் குழுவில் பஞ்சாயத்து ஆரம்பித்தது.

"ஷீட் போட்ட வீட்டுக்கு ஏசியா?"

"கரண்ட் பில் யார் கட்டுவா?"

"இனிமே சம்பளம் ஏத்திக் கேட்கட்டும், பாத்துக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவங்க காசு, அவங்க இஷ்டம்" என்று எழுதிவிட்டுப் பெருமையாகத் தூங்கினேன்.

இன்று காலை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் நானே வாயைக் கொடுத்தேன்.

"ஏசி வாங்கிட்டியாமே குமுதா. தவணையா? மாசாமாசம் கட்ட முடியுமா?"

அக்கறையில்தான் கேட்டேன்.

"கட்டிக்கலாம்க்கா. ஷீட்டு சூட்ல புள்ளைங்க தூங்கவே மாட்டேங்குதுங்க," என்றாள். குழாயை மூடினாள். பிறகு, "உங்க ஊட்ல மூணு கீதே, அதெல்லாம் தவணையாக்கா?"

மூன்றும் தவணைதான். காபியை ஆற்றினேன்.

மதியம் மாலதி போன் செய்தாள். குழுவில் கரண்ட் பில்லுக்குக் கவலைப்பட்ட அதே மூன்றாம் மாடி மாலதி.

"குமுதா ஸ்டேட்டஸ் பாத்தீங்களா? புள்ளைங்க போர்வையப் போத்திக்கிட்டுத் தூங்குதுங்க. கொழுப்பப் பாருங்க!"

வாட்ஸ்அப்பைத் திறந்தேன். குமுதாவின் ஸ்டேட்டஸ் எனக்கு ஒன்றும் வரவில்லை. அப்போதிலிருந்து நாலைந்து முறை பார்த்துவிட்டேன். திட்டிய மாலதிக்குத் தெரிகிறது. பரிந்து பேசிய எனக்கு மட்டும் இல்லை.

நெட்வொர்க் கோளாறாகவும் இருக்கலாம், இல்லையா? யாராவது ஆமாம் என்று சொல்லுங்களேன்.