அரிசியளவு சதை

எங்கள் கல்லூரி விலங்கியல் காட்சியகத்தில் ஒரு மீன் இருந்தது. விரல் நீளம்தான். பாட்டிலுக்குள் வெளிறிப்போய் தலைகீழாக நிற்கும். கூடக் கிடந்த சீட்டில் 'பாபநாசம்' என்பதை மட்டும் வாசிக்க முடிந்தது. மற்றதெல்லாம் மை கரைந்துவிட்டது. அந்த மாதிரி மீன் இப்போது யார் வலையிலும் விழுவதில்லை. நான் தேடியவரை வேறெங்கும் இன்னொன்று கிடைக்கவில்லை. அதன் சதையிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அது தனி இனமா, இப்போது ஆற்றில் இருப்பவற்றில் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

அனுமதிக்கே எட்டு மாதம் அலைந்தேன். ஒரே ஒரு துண்டு, அரிசியளவு. மறுபடி வந்து கேட்கக் கூடாது என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

காட்சியகத்து உதவியாளர் அண்ணாச்சி மூடியைத் திருகித் திறந்ததும் கண் எரிந்தது. ஸ்பிரிட் என்றால் டி.என்.ஏ. ஓரளவு பிழைத்திருக்கும். இது ஃபார்மலின். உடம்பைக் கெடாமல் வைக்கும், டி.என்.ஏ.வை நொறுக்கிவிடும்.

பிளேடை எடுத்தேன். எங்கே வெட்டுவதென்று மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"பைய வெட்டும்மா. அது எங்கன ஓடப்போகுது?" என்றார் அண்ணாச்சி.

வெட்டினேன். அந்தத் துண்டையும் இரண்டாக்கி, ஒரு பாதியை ஃப்ரீசரில் வைத்தேன். மறு பாதியைக் கழுவி, காரக் கரைசலில் சூடாக்கி, நாலு நாள் கரைத்தேன். சதை கண் முன்னால் காணாமல் போவதைப் பார்க்கவே பயமாக இருந்தது. போனால் போனதுதான்.

சோதனையில் ஒரு கோடு தெரிந்தது. டி.என்.ஏ. இருக்கிறது! ஆனால் சதையே போடாமல், சரிபார்ப்பதற்காகக் கூடவே ஓட்டிய வெறும் குழாயிலும் ஒரு மங்கல் கோடு. இருக்கவே கூடாத கோடு; இருந்தால் வெளியிலிருந்து ஏதோ கலந்துவிட்டது என்று அர்த்தம். ஏதோ நிழல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைடு மேடத்திடம் கோடு வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் சந்தோஷத்தில் முதல்வர் வரைக்கும் சொல்லிவிட்டார்.

சென்னைக்கு அனுப்பிய சாம்பிளின் முடிவு ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மின்னஞ்சலில் வந்தது. அதிலிருந்த டி.என்.ஏ. எழுத்துகளை மீன் பட்டியலோடு ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. எல்லா உயிர்களோடும் ஒப்பிட்டேன். மனிதன் என்று வந்தது.

அது என்னுடைய டி.என்.ஏ.வாகத்தான் இருக்கும். என் எச்சில், இல்லையென்றால் என் தோல். உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருந்த மீனில் பாதித் துண்டைக் கரைத்து என்னையே கண்டுபிடித்திருக்கிறேன்.

இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சீவலப்பேரி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஃபோன் அடித்தாலே பைக்குள் ஆழமாகத் தள்ளுவேன். மேடமாக இருக்குமோ? அம்மா சோறு போட்டுவிட்டு, "என்னட்டி, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றேன். வந்த மின்னஞ்சலை அழித்துவிட்டு, சாம்பிள் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்படி யோசித்ததுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

சனிக்கிழமை காலை மேடத்தின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். வெறும் குழாயில் கோடு தெரிந்ததையும் சொன்னேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்தக் கோட்டை அன்னைக்கே பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"பாத்துட்டுமா சொல்லலை?"

மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். என்னை அனுப்பிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"மீதி இருக்காட்டி?"

"பாதி இருக்கு மேடம்."

"அதுவும் போச்சுன்னா ஒண்ணுமில்ல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. உக்காரு."

திங்கட்கிழமை அவரே முதல்வரிடம் போய், முதலில் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். டி.என்.ஏ. வேலை எதுவும் நடந்திராத ஒரு பழைய அறையை இருவருமாக பிளீச் ஊற்றிக் கழுவினோம். தலைக்கு உறை, முகத்துக்கு மூடி, கைக்கு இரண்டு அடுக்கு உறை. மின்விசிறியைப் போடவில்லை. பங்குனி வெயிலில் வியர்வை ஒரு சொட்டு விழுந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்தபடி மீதிப் பாதியைக் கரைத்தேன். மேடம் பக்கத்திலேயே நின்றார்.

இந்தத் தடவை வெறும் குழாய் வெறுமையாகவே இருந்தது. மீன் குழாயில் நூல் மாதிரி ஒரு கோடு. நான் அதை நம்பவில்லை. முடிவு வரும்வரை பன்னிரண்டு நாளும் சரியாகத் தூங்கவுமில்லை.

வந்தது மீன்தான். நூற்றுச் சொச்சம் எழுத்துகள். தாமிரபரணியில் இப்போது இருக்கும் ஒரு மீனுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் அதுவே இல்லை. தனி இனம் என்று அடித்துச் சொல்ல அந்தத் துணுக்கு போதாது. அவ்வளவுதான் கிடைத்தது.

ஆய்வேட்டில் என் டி.என்.ஏ. வந்த கதையை ஒரு பத்தியில் முடித்திருந்தேன். மேடம் அதை அடித்துவிட்டு, "முழுசா எழுது. கோட்டைப் பாத்தும் விட்டுட்டேன்னு எழுது," என்றார். எழுதினேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார். கோட்டைப் பார்த்தும் விட்டுவிட்டேன் என்று அவரிடமும் சொன்னேன்.