குருவம்மாள் மேடம் இல்லாத செவ்வாய்க்கிழமை

குருவம்மாள் மேடம் இறந்துவிட்டார். காலையில் மாரடைப்பு... ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே.

கோர்ட்டிலிருந்து குமாஸ்தா அண்ணன் போனில் சொன்னார். நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் ஆஃப்செட் மெஷினைப் பிரித்துப் போட்டு சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று இப்போது வரை தெரியவில்லை.

தெரியாதவர்களுக்கு... மேடம் அரசு வக்கீல். என் மனைவி முத்துச்செல்வியின் கேஸை நடத்தியவர். நாரணாபுரம் பக்கம் செல்வி வேலை பார்த்த பட்டாசு ஆபீஸ் (ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வெடித்ததும், அவள் போனதும் உங்களில் பலருக்குத் தெரியும்.

வரும் செவ்வாய்க்கிழமை நான் சாட்சி சொல்ல வேண்டும்.

கம்பெனி தரப்பில் சொல்வது ஒன்றுதான். செல்வி செல்போனை உள்ளே கொண்டுபோனாள், அதனால்தான் வெடித்தது. அதாவது, கூட இருந்தவர்கள் சாவுக்கும் அவள்தான் காரணம்...

அன்றைக்கு அவள் போன் என் பையில் இருந்தது. டிஸ்ப்ளே உடைந்துவிட்டது என்று கடையில் கொடுக்க நான்தான் எடுத்துப் போனேன். அதே உடைந்த டிஸ்ப்ளேயோடு இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது.

கோர்ட்டில் அதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

மேடத்தை முதல் தடவை பார்க்கப் போனபோது வராந்தாவில் நின்றேன். சாட்சிகள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். உள்ளே இருந்து சத்தம் வந்தது.

“அங்கன எதுக்கு நிக்கீக? உள்ள வந்து உக்காருங்க தம்பி.”

“பரவாயில்ல மேடம்...”

“எங்கம்மாவும் இப்படித்தான். சாத்தூர்ல காலம்பூரா தீப்பெட்டி ஆபீஸ் வேலை. பேங்குக்குப் போனாக்கூட நாற்காலியப் பாத்துக்கிட்டே நிக்கும். உக்காருங்க.”

மேடம் வேலைக்கு வந்த புதிதில் பெரிய கேஸ் எதுவும் அவருக்கு வராதாம். கம்பெனி கேஸ் எல்லாம் வழக்கமாக வாங்கும் ஓரிரண்டு பேருக்கே போகும். பெண்களுக்கும், எங்கள் தெருக்களில் இருந்து படித்து வந்தவர்களுக்கும் குடி கேஸ், சீட்டாட்டக் கேஸ்.

“சீட்டாட்டக் கேஸா நடத்தி நடத்தி, இப்ப ரம்மியில என்னைய ஜெயிக்க ஜில்லாவுலயே ஆளு கெடையாது தம்பி” என்று சிரித்தார்.

அரசு வக்கீல்கள் மீட்டிங்கில் எழுந்து கேட்டது மேடம்தான். ஆள் பார்த்துக் கொடுக்காதீர்கள், முறை வைத்து எல்லோருக்கும் பிரியுங்கள் என்று. பல மீட்டிங் கேட்ட பிறகுதான் நடந்தது. அந்த முறையில் அவருக்கு வந்ததுதான் செல்வியின் கேஸ்.

உடனே வராந்தாவில் பேச்சு. தொழிலாளி வீட்டுப் பிள்ளையாச்சே, இந்தக் கேஸை அந்தம்மா எப்படி நடுநிலையாக நடத்தும்... என் காதுபடவே பேசினார்கள். மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

“தெரியும். கம்பெனி வீட்டுக் கல்யாணத்துல மொதப் பந்தியில சாப்புட்டு வந்தவுக நடத்துனப்ப ஒருத்தரும் இப்படிக் கேக்கலையே தம்பி.”

ஒருநாள் அவர் அறையில் பேசிக்கொண்டிருந்தோம். வெளியே ரோட்டில் யாரோ தலைவருக்கு வரவேற்பு போல. ஆயிரம்வாலாவைக் கொளுத்திவிட்டார்கள்.

நானும் மேடமும் ஒரே நேரத்தில் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டோம்.

“புகை தெரியுதா தம்பி?”

அவர் வாயில் முதலில் வந்தது அதுதான். சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது. கேட்டுக்கொண்டே ஓடுவோம், நம் ஆள் வேலை பார்க்கிற ஆபீஸாக இருக்கக் கூடாது என்று.

குமாஸ்தா அண்ணனுக்குச் சிரிப்பு. “என்ன மேடம், பட்டாசு ஊர்ப் பக்கத்து ஆளு... நீங்களே வெடிக்குப் பயந்தா எப்படி?”

“ஏய்யா, நாங்க பயப்படாம வேற யாருய்யா பயப்படுவா?”

சொல்லிவிட்டு தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. என்னிடம் நீட்டினார். என்னாலும் முடியவில்லை. கடைசியில் அண்ணன்தான் திறந்து கொடுத்தார்.

அன்றைக்குத்தான் கேட்டேன். செல்வி போனதிலிருந்து எனக்கு அழுகையே வரவில்லை மேடம், கூண்டில் ஏறினதும் வந்து தொலைத்தால் என்ன செய்வது என்று.

“வந்தா அழுங்க. ஆனா நடந்தது எதுவோ அதச் சொல்லிட்டு அழுங்க.”

இன்று சாயங்காலம் ஒருவர் பைக்கில் வீட்டுக்கு வந்தார். யார் என்று இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. வண்டியை விட்டு இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை.

“அந்தம்மா போயிட்டாகளாமே, பாவம்... இனி எதுக்கு தம்பி அலையுறீக? அவதான் போனக் கொண்டுபோனான்னு ஒரே ஒரு வார்த்த. சோலி முடிஞ்சது. சின்ன வயசு... நீங்களும் இன்னொரு கல்யாணம் காச்சின்னு இருக்கணும்ல?”

அவர் போனதும் கதவைப் பூட்டினேன். பூட்டியிருக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

குமாஸ்தா அண்ணனுக்குப் போன் போட்டேன். இனி யார் நடத்துவார்கள்?

“முறைப்படி அடுத்த ஆளுக்கு வரணும்ப்பா. இல்ல, பழையபடி ஆக்கிருவாகளோ என்னமோ... நீ வந்துரு.”

எர்த் இல்லாத மெஷினில் கை வைக்கிற மாதிரி இருக்கிறது. எங்கே தொட்டால் அடிக்கும் என்று தெரியவில்லை.

இதை இங்கே எழுதுவது அதனால்தான். நீங்கள் கொஞ்சம் பேர் படித்துவிட்டால், செவ்வாய்க்கிழமை பயத்தில் என்னால் மாற்றிச் சொல்ல முடியாது.

மேடம்... நான் வந்துருவேன். உங்க எடத்துல யாரு நிப்பாகளோ தெரியல.

செல்வி போனு அன்னைக்கு என் பையில இருந்துச்சு. அதச் சொல்லிட்டுத்தான் அழுவேன்.

போயிட்டு வாங்க மேடம்.